11 சாம்பல் நிறங்கள்: ஒரு டிசைன் கோப்பு டெவலப்பர் கைக்குப் போனபோது

ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக, வகுப்புகளைத் தேடிப் பதிவு செய்யும் இணையதளம் ஒன்றை வடிவமைத்தேன். முகப்பு, வகுப்புப் பட்டியல், வகுப்பு விவரம், பதிவுப் படிவம், பதிவு உறுதியான பக்கம், உறுப்பினர் கணக்கு என்று மொத்தம் 6 பக்கங்கள். ஒவ்வொன்றையும் கணினிக்கு 1440 பிக்சல் அகலத்தில் ஒருமுறையும், மொபைலுக்கு 375 பிக்சல் அகலத்தில் ஒருமுறையும் வரைந்தேன். வாடிக்கையாளருக்குப் பிடித்திருந்தது, ஒப்புதல் கொடுத்தார். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் இருந்த கோப்பின் இணைப்பை, அதைத் தளமாகக் கட்டும் டெவலப்பர்கள் இருவருக்கும் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து முதல் கட்டப் பக்கங்கள் வந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் என் டிசைன்தான். கிட்டப் போனால் இல்லை. மங்கலாக இருக்க வேண்டிய எழுத்து கறுத்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பட்டன்கள் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. டேப்லெட்டில் வகுப்புப் பட்டியல் நசுங்கிக் கிடந்தது. இதற்கிடையில் எங்கள் அரட்டைக் குழுவில் ஐம்பதுக்கு மேல் கேள்விகள் சேர்ந்திருந்தன.

கோப்பைச் சரியாகப் பார்க்காமல் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் கோப்பில் எங்கே இருக்கிறது என்று தேடியபோது அந்த எண்ணம் மாறியது. சில கேள்விகளுக்குப் பதில் இருந்தது, ஆனால் தேடினால் கிடைக்காத இடத்தில் இருந்தது. சிலவற்றில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கோப்பு சொல்வது வேறொன்று. மீதிக் கேள்விகளுக்குப் பதிலே இல்லை, ஏனென்றால் நானே அதை முடிவு செய்திருக்கவில்லை. இந்தக் கடைசி வகைதான் பாதிக்கு மேல். டெவலப்பர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை வடிவமைப்பாளர் எடுக்காமல் விட்ட முடிவுகள் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. அதே தாளை வைத்துக்கொண்டு கோப்பை இரண்டாம் முறை தயார் செய்தோம். என்ன செய்தோம், எது பலித்தது, எது வீணானது என்பதை இங்கே எழுதுகிறேன்.

சாம்பல் எங்கிருந்து வந்தது

வகுப்பின் தேதி, நேரம், ஆசிரியர் பெயர் ஆகிய சிறு எழுத்துகள் தலைப்புக்குச் சமமாகக் கறுத்துத் தெரிந்தன. என் கோப்பில் அவை மங்கலான சாம்பல். கேட்டதற்கு டெவலப்பர் தம்பி, "அக்கா, நீங்க வெச்ச ஹெக்ஸ் கோடுதான் போட்டிருக்கேன், பாருங்க" என்று திரையைப் பகிர்ந்தார். எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் 333333 என்ற அடர் சாம்பலின் நிற எண்ணைத்தான் காட்டியது. அவர் சொன்னது சரி. நான் எழுத்தின் நிறத்தைத் தொடவே இல்லை. அந்த எழுத்துகள் அடங்கிய குழுவின் ஒப்பாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 50 சதவீதமாக்கி மங்கலாக்கியிருந்தேன். எழுத்தை மட்டும் கிளிக் செய்பவருக்கு அது தெரியாது. ஒரு படி மேலே ஏறிக் குழுவைத் தொட்டால்தான் தெரியும்.

வெள்ளைப் பின்னணியில் 333333 நிறத்தைப் பாதி மங்கலாக்கினால் கண்ணுக்குத் தெரிவது 999999. வெளிர் நீலப் பட்டையின் மேல் வைத்தால் அதே எழுத்து இன்னொரு நிறம். படத்தின் மேல் வைத்தால் இன்னொன்று. கோப்பு முழுவதும் தேடி எண்ணினேன். நான் மூன்று சாம்பல்தான் பயன்படுத்துகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். திரையில் 11 இருந்தன.

இதைத் தோண்டியதில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. வெள்ளைமேல் 999999 எழுத்துக்கு நிற வேறுபாட்டு விகிதம் 2.85:1. இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1. ஆக, தம்பி என் கண்ணில் இருந்ததை அச்சுப்பிசகாமல் கட்டியிருந்தாலும், பார்வை மங்கிய ஒருவரால் வகுப்பு எந்தத் தேதி என்று படிக்க முடிந்திருக்காது. வெள்ளைப் பின்னணியில் 767676 மயிரிழையில் தேறும், 4.54:1. ஒரு படி வெளிர்ந்த 777777 தேறாது, 4.48தான். எங்கள் சிறு எழுத்து வெளிர் நீலத்தின் மேலும் வருவதால் கொஞ்சம் இடம் விட்டு 666666 என்று முடிவு செய்தோம். வெள்ளைமேல் அது 5.74:1.

அப்புறம் நிறங்களுக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தோம். ஃபிக்மாவில் 2023 ஜூனில் வேரியபிள் வசதி வந்த பிறகு இது எளிதாகிவிட்டது. நிறத்தை ஒரே இடத்தில் பெயரோடு வைத்துவிட்டு, எல்லா இடத்திலும் அந்தப் பெயரை இணைத்துக்கொள்ளலாம். ஆனால் என்ன பெயர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் முன்பு வைத்திருந்தவை "அடர் சாம்பல்", "இளஞ்சாம்பல்" போன்றவை. அவை நிறத்தின் தோற்றத்தைச் சொல்கின்றன, எங்கே பயன்படுத்த வேண்டும் என்று சொல்வதில்லை. இப்போது "எழுத்து முதன்மை", "எழுத்து துணை", "எழுத்து செயலற்றது", "பின்னணி பட்டை", "பிழை எழுத்து". டெவலப்பர்கள் தளத்தின் தோற்றத்தை எழுதும் தங்கள் சிஎஸ்எஸ் கோப்பிலும் இதற்கு நேரான பெயர்களையே வைத்தார்கள். பெயர்களை நான் மட்டும் தனியாக உட்கார்ந்து வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அவர்கள் ஏற்கெனவே பழகிய பெயர்கள் சில இருந்தன. அவற்றில் நான்கை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

பட்டன் உயரம், வரி உயரம்

பட்டன் சிக்கலுக்குக் காரணம் 2 பிக்சல். எங்கள் படிவத்தில் "பதிவு செய்" என்ற நிறம் நிரப்பிய பட்டனும், "பிறகு பார்க்கிறேன்" என்ற கோடு மட்டும் போட்ட பட்டனும் அருகருகே இருந்தன. இரண்டுக்கும் மேலும் கீழும் 12 பேடிங் (உள்ளிடைவெளி), வரி உயரம் 20. கூட்டினால் 44. நான் வைத்திருந்த அமைப்பில் ஃபிக்மா கோட்டின் தடிமனை லேஅவுட் கணக்கில் சேர்க்கவில்லை, அதனால் கோப்பில் இரண்டுமே 44. உலாவியில் பார்டருக்கும் இடம் உண்டு. மேலே 1, கீழே 1 சேர்ந்து கோட்டுப் பட்டன் 46 ஆனது. தம்பி இரண்டுக்கும் நான் தந்த எண்களைத்தான் போட்டிருந்தார், எண்கள்தான் இரண்டு உலகத்திலும் ஒரே பொருள் தரவில்லை. நிரப்பிய பட்டனுக்கும் கண்ணுக்குத் தெரியாத 1 பிக்சல் பார்டர் வைத்து, ஃபிக்மாவிலும் கோட்டைக் கணக்கில் சேர்க்கும் அமைப்புக்கு மாறி, இரண்டையும் 46 ஆக்கினோம்.

இடைவெளிகளிலும் இதே கதை. தலைப்புக்கும் பத்திக்கும் நடுவே 24 இருக்க வேண்டும் என்று, எழுத்தின் அடியிலிருந்து அடுத்த எழுத்தின் தலைவரை ஒரு பெட்டியை வைத்து அளந்திருந்தேன். அச்சு வேலையிலிருந்து வந்த பழக்கம் அது. உலாவி எழுத்தை அளப்பதில்லை, வரியை அளக்கிறது. 20 பிக்சல் எழுத்துக்கு வரி உயரம் 32 என்றால் மிச்சமுள்ள 12 பிக்சல் மேலே 6, கீழே 6 என்று பிரிந்துகொள்ளும். 24 என்று எழுதினால் அந்த 6 கூடச் சேர்ந்து பார்வைக்குப் பெரிதாகும். அதனால்தான் முதல் கட்டப் பக்கங்கள் எல்லாம் காற்றடைத்த மாதிரி தெரிந்தன. இரண்டாம் முறை எல்லாவற்றையும், இடைவெளியைத் தானே கணக்கிடும் ஆட்டோ லேஅவுட் என்ற ஃபிக்மா வசதிக்குள் கொண்டுவந்தேன். அது சிஎஸ்எஸ்ஸில் பொருள்களை அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறையின் கணக்குடன் நெருங்கிப் போகும், வரிப்பெட்டியிலிருந்து வரிப்பெட்டிக்கு அளக்கும். 4, 8, 12, 16, 24, 32, 48, 64 என்ற எண்களைத் தவிர வேறு இடைவெளி கிடையாது என்றும் வைத்துக்கொண்டேன். பழைய கோப்பில் 23, 25, 17 எல்லாம் இருந்தன. கண்ணளவில் தள்ளித் தள்ளி வைத்ததில் வந்த எண்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் 23ஐப் பார்க்கும் டெவலப்பருக்கு இது வேண்டுமென்றே வைத்ததா, கை தவறியதா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம் வரும்.

எழுத்துரு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், தமிழில் தளம் செய்யும் எல்லோருக்கும் இது வரும். நான் தேர்ந்தெடுத்திருந்தது ஆங்கில எழுத்துகள் மட்டுமே உள்ள எழுத்துரு. அதில் தமிழ் இல்லை என்றால் உலாவி தானாகவே கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவைத் தேடிப் போகும். விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. அதாவது தமிழ்த் தலைப்புகள் ஒவ்வொருவர் திரையிலும் ஒவ்வொரு மாதிரி. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தோம். திறந்த உரிமத்தில் கிடைப்பதால் தளத்தில் ஏற்றுவதற்குத் தடை இல்லை. ஆங்கிலத் தலைப்புக்கு வைத்த, எழுத்தளவைப் போல 1.2 மடங்கு வரி உயரத்தில் மேல் வரியின் "கூ", "ளு" கீழ் வரியின் "கீ", "தி" மேல் இடித்தன. தமிழுக்கு 1.5 என்று தனியாகக் குறித்தோம். தடிமனிலும் பிழை இருந்தது. நான் 600 என்று வரைந்திருந்தேன், தளத்தில் ஏற்றியிருந்தவை 400, 700 இரண்டு மட்டுமே. 600 கேட்டு அது இல்லாவிட்டால் உலாவி அதைவிடத் தடித்ததை, இங்கே 700ஐ, எடுத்துக்கொள்ளும். எந்தெந்தத் தடிமன் தேவை என்ற பட்டியல் கோப்பிலேயே இருந்திருந்தால் இது முதல் நாளே தீர்ந்திருக்கும்.

375க்கும் 1440க்கும் நடுவில்

375 என்பது 2014இல் வந்த ஐஃபோன் 6இன் அகலம். இன்றும் பழக்கத்தால் அதில்தான் பலரும் வரைகிறோம். 1440 ஒரு மடிக்கணினியின் அகலம். நடுவில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட பிக்சல்களில் என்ன நடக்க வேண்டும் என்று என் கோப்பு வாயே திறக்கவில்லை. டெவலப்பர்கள் 768இல் ஒரு மாற்றம் வைத்து, அதற்கு மேல் எல்லாமே வரிசைக்கு மூன்று கார்டு (ஒரு வகுப்பைக் காட்டும் பெட்டி) என்று கட்டியிருந்தார்கள். 800 அகலத்தில் மூன்று கார்டும் நெருக்கியடித்து நின்றன.

768, 1024 என்று இன்னும் இரண்டு ஃப்ரேம் வரைந்து தருகிறேன் என்றேன். "அதுக்கு பதிலா ஒரு கார்டு எவ்வளவு சின்னதாகலாம்னு மட்டும் சொல்லுங்க அக்கா, மத்ததை கிரிட் பாத்துக்கும்" என்றார் தம்பி. கிரிட் என்பது அகலத்துக்கு ஏற்பக் கார்டுகளைத் தானே அடுக்கும் சிஎஸ்எஸ் வசதி. இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள வாக்கியம் அதுதான். கார்டு 280க்குக் கீழே போகக் கூடாது, இடைவெளி 24, பக்க ஓரம் 24 என்று சொன்னேன். கணக்குப் போட்டால் மூன்று கார்டுக்கு 888, ஓரங்களைச் சேர்த்தால் 936. அதற்குக் குறைந்தால் வரிசைக்கு இரண்டு கார்டு, 632க்குக் குறைந்தால் ஒன்று. நான் எந்தப் படமும் வரையாமலே எல்லா அகலத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் என் விதியிலும் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் மூத்த டெவலப்பர். டபிள்யூசிஏஜியின்படி 320 பிக்சல் அகலத்திலும் பக்கம் பக்கவாட்டில் நகராமல் படிக்க முடிய வேண்டும். 1280 அகலத் திரையை 400 சதவீதம் பெரிதாக்கிப் படிப்பவருக்கு மிஞ்சுவது அந்த 320தான். 320இலிருந்து இரண்டு பக்கமும் 24 கழித்தால் 272. கார்டோ 280க்குக் கீழே போகாது. 8 பிக்சல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சிறிய திரையில் ஓரத்தை 16 ஆக்கினோம், 288 கிடைத்தது. இப்போது புதிய கோப்பு எதைத் தொடங்கினாலும் 320இல் ஒரு ஃப்ரேம் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

வரையாமல் விட்டவை

என் கோப்பில் எல்லா வகுப்புக்கும் இரண்டு வார்த்தைத் தலைப்பு. எல்லாவற்றுக்கும் அழகான படம். எல்லாவற்றிலும் இடம் காலி. படிவத்தை நிரப்புபவர் தவறே செய்யமாட்டார், இணையம் எப்போதும் வேகமாக இருக்கும். அப்படி ஒரு நாளை யாரும் பார்த்ததில்லை.

உண்மையான தலைப்புகளை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கினேன். மிக நீளமானது நான்கு வரி வந்தது. வெட்டி மூன்று புள்ளி வைக்கலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன், ஏனென்றால் நீளமான தலைப்புகளில் "முதல் நிலை", "இரண்டாம் நிலை" என்ற வேறுபாடு கடைசியில்தான் வருகிறது. வெட்டினால் இரண்டு வகுப்பும் ஒன்றாகத் தெரியும். கார்டு வளரட்டும், அதே வரிசையில் உள்ள மற்ற கார்டுகளும் அதோடு வளரட்டும், பட்டன் மட்டும் அடியில் ஒட்டி நிற்கட்டும் என்று முடிவு. இதை ஒரு டெவலப்பர் எடுக்க முடியாது, எடுக்கச் சொல்வதும் நியாயமில்லை.

அடுத்து ஃபோகஸ். விசைப்பலகையில் டேப் அழுத்திப் போகும்போது எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை நான் வரையவில்லை. டிசைனில் இல்லையே என்று அவர்கள் உலாவி தானாகப் போடும் கோட்டையும் எடுத்துவிட்டார்கள். மௌஸ் பிடிக்க முடியாத ஒருவர் அந்தப் படிவத்துக்குள் வந்தால் இருட்டறையில் நடப்பது போலத்தான். 2 பிக்சல் தடிமன், பட்டனிலிருந்து 2 பிக்சல் தள்ளி, எல்லா இடத்திலும் ஒரே நிறம் என்று வரைந்து கொடுத்தேன். கால் மணி நேர வேலை. அதை நான் விட்டது இன்னும் உறுத்துகிறது.

பதிவுப் படிவத்துக்குத்தான் அதிக நேரம் ஆனது. புலம் காலியாக, நிரப்பிய பிறகு, பிழையோடு, அனுப்பிக்கொண்டிருக்கும்போது என்று ஒவ்வொன்றும் வரைந்தோம். பிழைச் செய்தி புலத்துக்கு அடியில் வரும், சிவப்பு நிறத்தோடு சொல்லாலும் சொல்லும். "தவறான உள்ளீடு" என்று எழுதியிருந்ததை "தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது" என்று மாற்றினேன். செய்தி வரும்போது கீழே உள்ளவை நகரலாமா கூடாதா என்பதும் எழுதினோம். ஒருவர் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே கடைசி இடம் வேறொருவருக்குப் போய்விட்டால்? அந்தத் திரையே என்னிடம் இல்லை. முதல் கட்டத்தில் அந்த நிலையில் வெறும் பிழை எண் வந்து நின்றது. இப்போது நிரப்பிய விவரம் எதுவும் அழியாமல், காத்திருப்போர் பட்டியலில் சேரும் வழியோடு ஒரு திரை இருக்கிறது.

கோப்பை ஒழுங்கு செய்தது

கோப்பின் ஒழுங்கு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. "தயார்" என்ற பக்கத்தில் இருப்பதை மட்டுமே கட்ட வேண்டும். முயற்சிகள், பழைய வடிவங்கள் எல்லாம் வேறு கோப்புக்குப் போய்விட்டன, ஏனென்றால் ஒரு பக்கத்தை அவர்கள் நான் கைவிட்ட வடிவத்திலிருந்து கட்டியிருந்தார்கள். ஃபிக்மாவில் டெவலப்பர்களுக்கென்று இருக்கும் டெவ் மோடில் கட்டத் தயார் என்று குறிக்கும் வசதி இருக்கிறது, நான் அதை முடிந்த பகுதிகளுக்கு மட்டும் போடுகிறேன். ஒப்படைத்த நாளில் கோப்பின் பதிப்புக்குப் பெயர் வைத்துச் சேமிக்கிறேன். அதற்குப் பிறகு எதை மாற்றினாலும் முதல் பக்கத்தில் தேதியோடு ஒரு வரி. லேயர் பெயர்களில் எல்லாவற்றையும் திருத்தவில்லை, காம்பொனென்ட் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பாகம்) பெயர்களும் அதன் முதல் அடுக்கும் ஒழுங்காக இருந்தால் போதும்.

ஐகான்கள் எல்லாம் 24க்கு 24 சட்டத்தில், பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி வடிவமாக, நிறத்தைச் சுற்றியுள்ள எழுத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி. மூடும் பெருக்கல் குறி மட்டும் 16இல் இருந்தது. 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 இருக்கச் சொல்கிறது, விரலுக்கு அதுவே சின்னதுதான், நாங்கள் 44 கொடுத்தோம். படங்களுக்கு 3:2 விகிதம் குறித்தோம். இடத்தை முன்பே ஒதுக்கிவைத்தால் படம் ஏறும்போது பக்கம் குதிக்காது.

ஒப்படைக்கும் கூட்டத்தை இந்த முறை நான் நடத்தவில்லை. கோப்பைத் தம்பி திறந்தார், மௌஸ் அவர் கையில். முகப்பிலிருந்து பதிவு முடியும்வரை அவரே நடந்து போனார், தடுக்கிய இடத்தில் எல்லாம் நின்றோம். நான் விளக்கிக்கொண்டே போயிருந்தால் அந்தத் தடுக்கல் ஒன்றும் தெரிந்திருக்காது. தேதி தேர்ந்தெடுக்கும் நாட்காட்டியை நான் அலங்காரமாக வரைந்திருந்தேன். மொபைலில் கருவியின் சொந்த நாட்காட்டியே வந்தால் நல்லது, கட்டவும் வேண்டாம், பழக்கப்பட்டதும்கூட என்று மூத்தவர் சொன்னார். என்னுடையதை எடுத்துவிட்டேன். இதைப் பாதி வேலையிலேயே காட்டியிருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

வீணானவையும் உண்டு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பக்கத்தில் நீண்ட விளக்கக் குறிப்பு எழுதினேன், ஒருவரும் படிக்கவில்லை. இரண்டு வரியாகச் சுருக்கி அந்தப் பொருளுக்கு அருகிலேயே அம்பு போட்டு வைத்தபோது படித்தார்கள். பட்டனுக்கு எல்லா அளவு, எல்லா நிலை, எல்லா நிறத்தையும் பெருக்கி ஒரு பெரிய அட்டவணை போட்டேன். தளத்தில் பயன்பட்டது அதில் ஐந்தோ ஆறோ. மீதியைப் பராமரிக்கும் சுமை எனக்கு, எது உண்மையில் வரும் என்று தெரியாத குழப்பம் அவர்களுக்கு. நீக்கிவிட்டேன். அசைவுகளை மட்டும் கோப்பில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மெனு திறக்க 200 மில்லிநொடி என்று எழுதலாம், அது சரியாக இருக்கிறதா என்பது உலாவியில் பார்த்தால்தான் தெரிகிறது. அதற்கு இருவரும் ஒரே திரை முன்னால் உட்கார்ந்தோம், அரை மணி நேரத்தில் முடிந்தது.

இரண்டாம் கட்டத்திலும் கேள்விகள் வந்தன, ஆனால் இந்தப் பட்டனின் நிறம் என்ன, இந்த இடைவெளி 23ஆ 24ஆ என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாகத் தம்பி கேட்டது இது: "அக்கா, பணம் கட்டின உடனே நெட் போயிடுச்சுன்னா அவங்க பதிவாச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?" அதற்கு முதலில் சர்வர் என்ன சொல்லும் என்று தெரிய வேண்டும். மூத்தவரையும் சேர்த்துக்கொண்டு மூவரும் நாளைக் காலை அந்தத் திரையை வரைய உட்காருகிறோம்.